இன்வேஜினேஷன்: குழிவா, மடிப்பா, செருகலா?

போன மாதம் சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தாளை நீட்டினார். ஒன்பது வயதுப் பேரனின் பல் மருத்துவ அறிக்கை. மேல்வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்த பல்லுக்கு நேராக ‘டென்ஸ் இன்வேஜினேட்டஸ்’ என்று எழுதியிருந்தது. மருத்துவர் விளக்கிச் சொல்லியிருக்கிறார், ஆனால் ஆங்கிலத்தில், கொஞ்சம் வேகமாக. அக்காவுக்குப் பாதிதான் பிடிபட்டது. வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடியிருக்கிறார், அகராதி அந்தச் சொல்லின் வேரைக் காட்டியதும் முகம் சுருங்கிவிட்டது. “தம்பி, இது பையனோட பல்லு. இதுல எதுக்கு அந்த வார்த்தை வருது? மாத்தி எழுதிட்டாங்களா?” என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

மாற்றி எழுதவில்லை. தெரிந்தவர்களுக்கு மருத்துவ அறிக்கைகளைத் தமிழில் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஆறேழு வருடப் பழக்கம். அதில் அடிக்கடி குறுக்கே வருகிற சொற்களில் இந்த ‘இன்வேஜினேஷன்’ ஒன்று. பல்லில் வரும், குடலில் வரும், கழுத்தெலும்பில் வரும், உயிரியல் பாடம் படிக்கிற பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் கருவளர்ச்சிப் படத்துக்குக் கீழே வரும். ஒவ்வோர் இடத்திலும் நடப்பது வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைப் போட்டால் கேட்கிறவருக்கு ஒன்றும் புரியாது, சில சமயம் தவறாகவும் புரியும்.

முதலில் அந்த வேர். லத்தீனில் ‘வாகீனா’ என்றால் உறை, வாளைச் செருகி வைக்கும் உறை. பெண் உறுப்புக்கு அந்தப் பெயர் பிற்காலத்தில் உடற்கூற்று நூலோர் உவமையாக வைத்தது. சொல்லின் பழைய பொருள் வெறும் உறைதான், நாம் தலையணை உறை, கடித உறை, காலுறை என்கிறோமே, அதே உறை. உடற்கூற்றுக் கலைச்சொற்களில் கழுத்தின் பெரிய தமனியைச் சுற்றியுள்ள படலத்துக்கும் இதே லத்தீன் சொல்தான், விரல் தசைநாண்களைச் சுற்றிய உறைக்கும் இதேதான். ஆண்களின் விரையைச் சுற்றியுள்ள மெல்லிய இரட்டைப் படலத்தின் பெயரே ‘டியூனிகா வஜைனாலிஸ்’. இன்னும் ஒன்று சொன்னதும் அக்கா சிரித்துவிட்டார்: ஐஸ்கிரீமில் போடும் வெனிலாவும் இந்த வேரிலிருந்து வந்ததுதான், ஸ்பானிய மொழியில் ‘சின்ன உறை’ என்று அர்த்தம், அந்தக் காய் உறை மாதிரி நீளமாக இருப்பதால். ஆக ‘இன்வேஜினேஷன்’ என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்தால் ‘உறைக்குள் இடுதல்’. தன்னையே உறையாக்கித் தனக்குள்ளேயே போவது என்று விரித்தால் இன்னும் சரியாக இருக்கும்.

அன்று கீழ்த்தளத்தில் பிள்ளைகள் விட்டுப்போன ஒரு பந்து தூண் ஓரமாகக் கிடந்தது, நட்சத்திரம் அச்சிட்ட மலிவான பிளாஸ்டிக் பந்து, பாதிக் காற்று இறங்கியது. அதை எடுத்து ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தினேன். பந்து கிழியவில்லை, எதுவும் வெட்டப்படவில்லை, ஆனால் முழு உருண்டையாக இருந்தது ஒரு கிண்ணமாகிவிட்டது. இன்னும் அழுத்தினால் மேல்சுவர் போய்க் கீழ்ச்சுவரைத் தொடுகிறது, ஒற்றை அடுக்காக இருந்தது இரட்டை அடுக்காகிறது. இப்போது நட்சத்திரங்களைப் பாருங்கள் என்றேன். வெளிப்பக்கம் இருந்த நட்சத்திரங்கள் கிண்ணத்தின் உட்சுவரில் இருக்கின்றன. ஓர் எறும்பு பந்தின் மேல் நடந்து அந்தக் குழிக்குள் இறங்கினால் அது பந்துக்குள் நுழைந்துவிட்டதாக ஆகாது, அது இன்னும் பந்தின் வெளிப்பரப்பில்தான் நிற்கிறது. இந்த ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் எளிது. உள்ளே போனது போலத் தெரிகிற பரப்பு, கணக்குப்படி இன்னும் வெளிப்பரப்புதான். நம் குடலின் உட்சுவரும் அப்படித்தான், நாம் விழுங்கிய சோறு குடல்சுவரைக் கடந்து இரத்தத்துக்குள் போகிறவரை உடம்புக்கு ‘வெளியே’தான் இருக்கிறது.

இதயத்தைச் சுற்றிய பை, நுரையீரலைச் சுற்றிய படலம் எல்லாம் இதே பந்துக் கணக்குதான். மூடிய பை ஒன்றுக்குள் இதயம் கைமுட்டி போல அழுந்திப் போயிருக்கிறது. ஒட்டிய அடுக்கு ஒன்று, வெளி அடுக்கு ஒன்று, நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி. அந்த இடைவெளியில் நீர் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நுரையீரலில் நீர் கோத்தவர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

சரி, பந்தை அழுத்த என் விரல் இருந்தது. கருவுக்குள் விரல் ஏது? அங்கே அடுக்காக நிற்கும் உயிரணுக்கள் தாங்களாகவே வேலை செய்கின்றன. பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப் பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய் சுருங்கும், அடி அகலமாகவே இருக்கும். குழிய வேண்டிய இடத்தில் உள்ள ஒவ்வோர் உயிரணுவுக்கும் மேல்முனையில் அப்படி ஒரு கயிறு இருக்கிறது. நம் தசையைச் சுருக்குகிற அதே ஆக்டின், மயோசின் புரதங்கள்தான் அது. கயிறு இறுகியதும் செங்கல் வடிவில் இருந்த உயிரணு ஆப்பு வடிவமாகிறது. பக்கத்துப் பக்கத்தில் நூறு உயிரணுக்கள் ஒரே நேரத்தில் ஆப்பு வடிவமானால் தட்டையான அடுக்கு தானே வளைந்து உள்ளே இறங்கும், வேறு வழியில்லை. பழ ஈயின் கருவில் இது சில நிமிடங்களில் நடப்பதை நுண்ணோக்கியில் படம் பிடித்திருக்கிறார்கள். இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2009இல் தொடங்கிய இயந்திர உயிரியல் ஆய்வகம் இந்த மாதிரிக் கேள்விகளுக்காகவே இருக்கிறது: உயிரணு எப்படித் தள்ளுகிறது, எப்படி இழுக்கிறது, இழுபட்டால் என்ன செய்கிறது.

இந்த இடத்தில்தான் தமிழ் ஆங்கிலத்தைவிடக் கூர்மையாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஆங்கிலத்தில் தானாக மடிந்தாலும் ஒருவர் மடித்தாலும் வினைச்சொல் ஒன்றுதான். நமக்குக் குழிந்தது வேறு, குழித்தது வேறு. மடிந்தது வேறு, மடித்தது வேறு. கருவியலில் எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்காகச் சண்டை போட்டதே இந்த ஒரு மெய்யெழுத்துக்காகத்தான்: இந்த அடுக்கு குழிந்ததா, பக்கத்தில் இருந்த ஏதோ ஒன்று இதைக் குழித்ததா? அறுவை மருத்துவரின் குறிப்பில் குடல்வாலை வெட்டிய மீதி முனையை ‘இன்வேஜினேட்’ செய்ததாக எழுதியிருந்தால் அங்கே யோசிக்கவே வேண்டாம், அவர் அதை உள்ளே மடித்துத் தைத்தார். கருவில் என்றால் யோசித்துத்தான் எழுத வேண்டும்.

அதே மூச்சில் ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். மடிதல் என்றால் சாதல் என்றும் பொருள். ‘உயிரணுக்கள் உள்ளே மடிந்தன’ என்று எழுதினால் படிப்பவர் அவை செத்துப்போயின என்றுதான் எடுத்துக்கொள்வார், போரில் மடிந்தார்கள் என்று படித்துப் பழகியவர்கள் நாம். உயர்நிலை மாணவி ஒருத்தி அப்படியே புரிந்துகொண்டு, கரு வளரும்போதே உயிரணுக்கள் ஏன் சாகின்றன என்று என்னிடம் கேட்டிருக்கிறாள். எழுதியவர் மேல் குற்றமில்லை, சொல் அப்படி. அதனால் கருவைப் பற்றிப் பேசும்போது நான் ‘உட்குழிதல்’ என்பேன், நீளமான பள்ளமாக இறங்கினால் ‘உள்மடிப்பு’ என்று பெயர்ச்சொல்லாகப் போடுவேன், குழாய்க்குள் குழாய் போனால் ‘உட்செருகல்’. இந்த மூன்றும் கையில் இருந்தால் பெரும்பாலான இடங்களைச் சமாளித்துவிடலாம்.

கருவியலில் இந்தச் சொல் புகழ்பெற்றது கடல் முள்ளெலியால். அதன் கரு ஒரு கட்டத்தில் ஒற்றை அடுக்கு வெற்றுப் பந்தாக இருக்கும். பிறகு ஒரு பக்கம் குழிந்து உள்ளே போய்க் குடலாகிறது. இந்த இரட்டை அடுக்குக் கிண்ணத்துக்கு ‘கேஸ்ட்ருலா’ என்று பெயர் வைத்தவர் ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கல், 1870களில். குழி விழுந்த இடம் பின்னாளில் வாய் ஆகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள், ஆனால் முள்ளெலியில் அது ஆசனவாய் ஆகிறது, வாய் மறுமுனையில் அப்புறம்தான் திறக்கும். நாமும் அந்த வகையைச் சேர்ந்தவர்கள்தான். ஆனால் மனிதக் கரு அந்த நேரத்தில் பந்தாக இல்லை, தட்டையான வட்டாக இருக்கிறது. கருவுற்று ஏறத்தாழ 15ஆம் நாளில் அதன் மேல் ஒரு கோடு தோன்றுகிறது, உயிரணுக்கள் அந்தக் கோட்டின் வழியே கூட்டமாகக் குழியாமல் ஒவ்வொன்றாகக் கழன்று கீழே இறங்குகின்றன. இதையும் சில பாடநூல்கள் இன்வேஜினேஷன் என்றே எழுதிவிடுகின்றன. அது சொல்லைத் தளர்வாகப் பயன்படுத்துவது; ஒவ்வொன்றாக இறங்குவதற்கு ‘உள்நுழைதல்’ என்று தனியாகச் சொல்வதே நேர்மை. மனிதக் கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று பல நாடுகளில் ஒரு வரம்பு இருக்கிறதே, அது இந்தக் கோடு தோன்றும் நேரத்தை ஒட்டி வைத்ததுதான்.

அடுத்து முதுகு. முதுகுப்புறத் தட்டு நடுவில் பள்ளமாகி, இரு ஓரங்களும் எழும்பி, நடுவில் சந்தித்து ஒட்டிக்கொண்டு குழாயாகிறது, அதுதான் மூளையும் தண்டுவடமும். கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்து வாயை மூடுகிறோமே, அந்த மூடும் வேலைக்கு இணையானது இது. மாவு காய்ந்திருந்தால் விளிம்பு ஒட்டாது, அது போல இங்கேயும் ஒட்டாமல் போகலாம். 28ஆம் நாளுக்குள் மூடி முடிந்துவிட வேண்டும், பலருக்குத் தாங்கள் கருவுற்றிருப்பதே அப்போது தெரியாது. கீழ்முனை மூடாவிட்டால் தண்டுவடம் திறந்த குழந்தை, மேல்முனை மூடாவிட்டால் மூளை வளராத குழந்தை. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை பெற்ற தாய்மாருக்கு அதிக அளவில் ஃபோலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் சோதனை ஒன்று 1991இல் வெளியானது, மறுபடி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 72 விழுக்காடு குறைந்தது. கல்யாணமான பிள்ளைகளிடம் “மாத்திரைய இப்பவே ஆரம்பிச்சிடுங்க” என்று தாதியர் சொல்லும்போது தள்ளிப்போடாதீர்கள், கரு தங்கியது தெரிந்த பிறகு ஆரம்பித்தால் குழாய் மூடும் நாள் கடந்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது கண்தான். அது நம் ஊருக்கு நெருக்கமானதும்கூட. மூளையிலிருந்து ஒரு குமிழ் வெளியே வளர்ந்து முகத்தோலை நோக்கிப் போகிறது. தோலுக்கு அருகில் வந்ததும் குமிழின் முன்பக்கம் குழிந்து, பந்து கிண்ணமான அதே கதையாக இரட்டைச் சுவர்க் கிண்ணமாகிறது. எதிரே இருக்கும் தோலும் குழிந்து, வாய் மூடி, கழன்று விழுந்து கண்வில்லையாகிறது. வில்லைதான் கிண்ணத்தை அழுத்திக் குழித்தது என்று நம்ப இடமிருந்தது. 2011இல் ஜப்பானில் யோஷிகி சசாயின் குழு எலியின் குருத்தணுக்களை, அதாவது எந்த உறுப்பாகவும் வளரக்கூடிய தொடக்க உயிரணுக்களை, ஆய்வகக் கலத்தில் வளர்த்தபோது, பக்கத்தில் வில்லையே இல்லாமல் அந்தக் குமிழ் தானாகக் கிண்ணமானது. குழித்தது இல்லை, குழிந்தது!

அந்தக் கிண்ணத்தின் உட்சுவர் ஒளியை உணரும் விழித்திரை ஆகிறது, வெளிச்சுவர் அதைத் தாங்கும் நிறமி அடுக்கு ஆகிறது. நடுவில் இருந்த இடைவெளி மறைந்துவிடும், ஆனால் இரண்டு சுவரும் பசை போட்டு ஒட்டியது போல ஒன்றாவதில்லை, வாழ்நாள் முழுக்க அது பலவீனமான இடம்தான். பெரியவர்களுக்கு விழித்திரை விலகல் என்று சொல்கிறார்களே, விழித்திரை கழன்று வருவது சரியாக அந்த இடைவெளியில்தான், கருவில் ஐந்தாவது வாரத்தை ஒட்டி விழுந்த குழிவின் தடம் ஐம்பது வயதில் திறந்துகொள்கிறது. சிங்கப்பூரில் இளையர்களில் ஏறத்தாழ பத்தில் எட்டுப் பேருக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடியின் எண் அதிகமாக இருந்தால் விழிக்கோளம் நீண்டு விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும், கிழிசல் விழும் ஆபத்து அதிகம். கிழிசல் வழியே நீர் புகுந்தால் அந்தப் பழைய இடைவெளி நிரம்பி விலகல் ஆகிறது. கண்ணுக்குள் திடீரென்று மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது போலத் தெரிவது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டுப் பார்வையை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும், அதனால்தான் இதை இங்கே இடம் தவறியாவது எழுதுகிறேன்.

இப்போது பையனின் பல். பல் முளைப்பதற்கு வெகு முன்பே, தாடைக்குள் அது மென்மையான திசுவாக இருக்கும்போதே, எனாமலை உண்டாக்கும் அடுக்கு பல்லின் நடுப்பகுதிக்குள் குழிந்துவிடுகிறது. பிறகு எல்லாம் கெட்டியாகிவிடும், குழிவு அப்படியே நின்றுவிடும். எக்ஸ்ரேயில் பல்லுக்குள் இன்னொரு குட்டிப் பல் இருப்பது போல வெள்ளைக் கோடு தெரியும், ‘பல்லுக்குள் பல்’ என்ற பெயரும் இதற்கு உண்டு. பெரும்பாலும் வருவது மேல்வரிசையில் நடுப்பல்லுக்கு அடுத்த பல்லில், அது எட்டு ஒன்பது வயதில்தான் முளைக்கும். இன்றும் உலகெங்கும் பல் மருத்துவர்கள் இதற்குப் பயன்படுத்தும் மூன்று வகைப் பிரிவு சிங்கப்பூரிலிருந்து போனது; இங்கே பணியாற்றிய எஃப். ஏ. சி. ஓலர்ஸ் 1957இல் எழுதிய கட்டுரையில் வகுத்தது. குழிவு பல்லின் தலைப்பகுதியோடு நின்றால் முதல் வகை, வேர்ப்பகுதிக்குள் இறங்கி மூடிய பையாக முடிந்தால் இரண்டாவது, வேரைத் துளைத்து மறுபக்கம் போய்த் திறந்தால் மூன்றாவது. அறிக்கையில் ‘வகை 1’ என்று இருந்தது, அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி.

ஆனால் முதல் வகையையும் விட்டுவைக்கக் கூடாது. பல்லின் பின்பக்கம், நாக்கு தொடும் இடத்தில், ஒரு சின்னப் புள்ளி போலக் குழியின் வாய் இருக்கும். அதற்குள் தேங்குவதைப் பல்துலக்கி எட்டாது, அடியில் எனாமல் மெல்லியது, வெளியே பார்க்கப் பல் பளிச்சென்று இருக்கும்போதே உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் இருக்கும் மென்மையான பல்கூழ் சீழ் பிடித்துவிடலாம். சீக்கிரம் கண்டுபிடித்து அந்தக் குழியின் வாயை அடைத்துவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை அத்தோடு நிற்கும். இதற்கு நேர்மாறானதும் இருக்கிறது: வெளியே கொம்பு போலப் புடைப்பது, பெரும்பாலும் கடைவாய்க்கு முந்தைய பற்களில், கிழக்காசிய மக்களிடம் கூடுதலாகக் காணப்படுவது. அதற்கு ‘இன்’ போய் ‘இ’ மட்டும் நின்று ‘இவேஜினேட்டஸ்’ என்று வரும். ஓர் எழுத்தைத் தவறவிட்டால் பொருளே தலைகீழாகிவிடும், அறிக்கையைப் படிக்கும்போது கவனம்.

குடலில் வருவதை அப்படி ஆறுதலாகப் பேச முடியாது. அங்கே மருத்துவர்கள் பெரும்பாலும் ‘இன்டஸ்ஸசெப்ஷன்’ என்பார்கள், விளக்கும்போது இன்வேஜினேஷன் என்ற சொல் வரும். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் போய்விடுகிறது, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் ஏரியலை மடக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று போகுமே, அது போல. இதற்கு ‘மடிப்பு’ என்று சொல்லி முடித்துவிட்டால் பெற்றோருக்கு அவசரம் புரியாது. குடல் செருகிக்கொண்டது என்று சொல்ல வேண்டும். உள்ளே போகும் குடல் தன் இரத்தக் குழாய்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது, அவை நசுங்குகின்றன, வீங்குகிறது, நேரம் போனால் அந்தப் பகுதி அழுகிவிடும். பெரும்பாலும் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில். பிள்ளை திடீரென்று காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீரிட்டு அழும், பிறகு சில நிமிடம் சோர்ந்து அமைதியாகும், மறுபடி அழும். வாந்தி. கடைசியில் இரத்தமும் சளியும் கலந்து ஜெல்லி போல மலம் போகும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது, அது தாமதமான அறிகுறி. உரம் விழுந்துவிட்டது என்று தடவிக்கொண்டு வீட்டில் வைத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது இது. ஸ்கேனில் வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். பல பிள்ளைகளுக்கு அறுவை இல்லாமலே, ஆசனவாய் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்திச் செருகிய குடலை வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

கழுத்தெலும்பு அறிக்கையில் ‘பேசிலர் இன்வேஜினேஷன்’ என்று பார்த்தால் அங்கே எதுவும் பந்து போலக் குழிவதில்லை, இரண்டாவது கழுத்தெலும்பின் முளை மண்டையோட்டின் அடித் துளையை நோக்கி மேலேறி மூளைத்தண்டை நெருக்குகிறது. தமிழில் ‘முளை மேலேறல்’ என்றே சொல்லிவிடலாம். உயிரணுவின் சவ்வு குழிந்து வெளியே இருப்பதை வாய்போல விழுங்குவதும் இதே சொல்தான், அதற்கு ‘உட்குழிதல்’ நன்றாகவே பொருந்தும்.

அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பல் வளரும்போதே எனாமல் கொஞ்சம் உள்ளே குழிஞ்சு போயிருக்கு, அந்தக் குழியோட வாயை அடைச்சிட்டாப் போதும், அடுத்த முறை போகும்போது அடைச்சாச்சான்னு கேளுங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை எக்ஸ்ரே பார்க்கணுமான்னும் கேளுங்க என்று தாளின் பின்பக்கம் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவர் அந்தப் பந்தை என் கையிலிருந்து வாங்கி, குழிந்த பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்போ இந்த நட்சத்திரத்துல அழுக்கு சேர்ந்தா தேய்ச்சு எடுக்க முடியாது, அதானே?” என்றார். அதேதான் அக்கா என்றேன்.